எங்கள் வீட்டு வாசலின் உயரம்

நான் நாலாவது படிக்கும்போது, என் வாயால் அக்காவின் இன்ஜினியரிங் படிப்பு நின்றுபோகப் பார்த்தது. அப்படிப்பட்ட வாய் எனக்கு. இப்போதும் அதில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

கடலூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய மீனவர் தெரு எங்களுடையது. அந்தத் தெருவிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண் எங்கள் அக்கா. தினமும் காலையில் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் சிவில் படித்துவிட்டு வருவாள். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு எங்கள் தெருவையே எடுத்துக்கொண்டாள். மழை வெள்ளமோ கடல் தண்ணீரோ ஏறினால் எந்த வாசலுக்கு முதலில் வரும், எதற்குக் கடைசியில் வரும் என்று அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

எனக்கு அது போதவில்லை. முந்தின நாளே தெருக்குழாயடியில் நின்று, எந்த வீடு இருக்கலாம், எந்த வீடு இருக்கக்கூடாது என்று எங்கள் அக்காதான் கவர்மெண்டுக்கு எழுதிக் கொடுக்கப் போகிறாள் என்று அடித்துவிட்டேன். குடம் நிரம்புவதற்குள் சேதி தெருமுனையைத் தாண்டிவிட்டது. மறுநாள் அக்காவும் கூடப் படிக்கிற இரண்டு பெண்களும் மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் லெவல் கருவியை அதன்மேல் பொருத்தியபோது, வீடுகளைக் காலி பண்ண ஆள் வந்துவிட்டது என்று தெருவே திரண்டு நின்றது.

எதிர்வீட்டுப் பெரியம்மா ஸ்டாண்டின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். மீன் கூடை தூக்கிய கை, அசைக்க முடியுமா? ஊர் வீட்டையெல்லாம் இடிக்கத்தான் நீ படித்தாயா என்று கேட்டாள். அக்கா சொன்ன எதுவும் எடுபடவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் திறக்க வேண்டிய நேரத்தில் மட்டும் இந்த வாய் திறக்காது. அக்காவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அப்பா கரையிலிருந்து ஓடி வந்தார்.

"எல்லாத்தையும் எடுத்து வையிம்மா. ஊரப் பகைச்சிக்கிட்டு ஒரு படிப்பும் வாணாம். நாளையிலேர்ந்து காலேஜுக்குப் போவாத."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அக்கா அழவில்லை. பெரியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"பெரிம்மா, நாஞ் சொல்றத நம்ப வாணாம். நீயே கண்ண வச்சிப் பாரு."

பெரியம்மா வீட்டு வாசற்படியில் ஓர் அளவுகோலோடு என்னை நிறுத்தினார்கள். என்னைப்போல் இரண்டு மடங்கு உயரம், சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். பெரியம்மா குனிந்து பார்த்து, அக்கா சொல்லிக்கொடுத்தபடி, ஒன்னு நாப்பது மீட்டர் என்றாள். அவ்வளவுதான். இடிப்பதெல்லாம் மறந்துபோய், லெவல் கருவியின் கண்ணாடியில் கண் வைக்கத் தெருவே வரிசையில் நின்றது. உன் வீடு எவ்வளவு, என் வீடு எவ்வளவு என்று போட்டி வந்துவிட்டது.

வாசல் பள்ளமாக இருந்தால் அளவுகோலும் இறங்கி நிற்கும், அதனால் எண் கூடக் கூட வீடு தாழ்வு என்று அக்கா அவர்களுக்கு விளக்கியிருக்கிறாள். நான் தெருவின் இன்னொரு கோடியில் நின்றதால் அது என் காதில் விழவில்லை. கூவிச் சொன்ன எண்கள் மட்டும்தான் விழுந்தன.

கடைசியாக எங்கள் வீடு. அக்காவே கண் வைத்தாள். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு என்று அப்பா கேட்ட பிறகுதான், ரெண்டு பத்து என்றாள்.

தெருவிலேயே பெரிய எண்! நம்ம வூடுதான் ஃபர்ஸ்ட்டு என்று நான் அளவுகோலோடு குதித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"நம்ம வூடுதாம்ப்பா எல்லாத்தவிடப் பள்ளம். தண்ணி வந்தா மொதல்ல நமக்குத்தான் வரும்" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்க.

அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு அது. குனிந்து வாசற்படியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"பின் தெரு பாக்கி இருக்குல்ல? அதையும் அளந்துட்டு வா. காலேஜுல அரகொறையாக் குடுக்காத."

சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்விட்டார். பெரியம்மா பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, இதையும் உன்னைப்போல் ஆக்கிவிடு என்று அக்காவின் பக்கத்தில் நிறுத்தினாள்.

அந்த மகள் அடுத்த வருஷமே சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள். அவளுக்குப் பின்னால் எங்கள் தெருவிலிருந்து போன பெண்களை எண்ண இரண்டு கை போதாது. நானும் அதில் ஒருத்தி. பெருமையாகத்தான் சொல்கிறேன், பெருமைப்படக்கூடிய விஷயம்தானே.

எங்கள் வாசலை அந்தக் கண்ணாடியில் பார்த்தது அக்கா ஒருத்திதான். எண்ணைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெரியம்மா எதை நம்பித் தன் மகளை ஒப்படைத்தாள் என்று அன்றைக்கு எனக்கு எங்கே விளங்கியது? நம் வீடு பள்ளம் என்று தன் வாயாலேயே சொல்லி, கைக்கு வந்த முதல் பரிசை அக்கா தொலைத்துவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.