தவசிப்பிள்ளையின் வீம்பு

பூதப்பாண்டி சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும் சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில் நாராயணபெருமாள்தான் நிற்பார். விருந்துச் சமையல்காரரை அந்தப் பக்கம் தவசிப்பிள்ளை என்பார்கள். தாழக்குடித் தவசிப்பிள்ளை வைத்த எரிசேரி என்றால் பக்கத்து ஊர்க்காரன் அழைப்பில்லாமலே பந்தியில் உட்காருவான். ஆள் ஒல்லி. நெற்றியில் விபூதி, தோளில் கரி அப்பிய துவர்த்துத் துண்டு. துவர்த்தின் முனையில் எப்போதும் ஒரு முடிச்சு. முடிச்சுக்குள் கஞ்சாப் பொட்டலம்.

அதை யாரும் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. விடிய விடிய அடுப்பு முன்னால் வேகிறவன் இரண்டு இழுப்பு இழுக்கத்தான் செய்வான் என்று விட்டுவிட்டார்கள். மீசை அரும்பும் வயதில் தேங்காய் துருவ வந்த இடத்தில் பழகியது. இப்போது மகளைக் கட்டிக் கொடுத்து அவளுக்கும் பிள்ளைகள் ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில வருஷம் கழித்து ஒரு சித்திரை மாதம். பண்ணையார் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, கோட்டாற்றிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் அவியலைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்தார். “அந்தக் கைக்கு ஒரு மோதிரம் போடணும் ஓய்” என்றார்.

ஆறுமுகப்பெருமாள் பிள்ளை சிரித்தார். “கையாவது காலாவது! எல்லாம் சிவமூலி செய்யுத வேலை. ரெண்டு இழுப்பு உள்ள போனா கை தன்னால நடக்கும். அது இல்லேன்னு வையும், நம்ம தவசிப்பிள்ளைக்கு உப்பு எது, சீனி எதுன்னு தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். தாம்பூலத் தட்டோடு வந்த நாராயணபெருமாள் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டார். தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு துவர்த்து முடிச்சை அவிழ்த்தார். அவருக்குக் கையாளாக வருகிற கோலப்பன் வழக்கம்போலப் பங்குக்குக் கையை நீட்டினான். அவர் பொட்டலத்தையும் புகைக்கும் மண் சிலும்பியையும் சேர்த்து அணையாத கனலில் எறிந்தார்.

“அய்யோ, அண்ணாச்சி! கிறுக்கு பிடிச்சுட்டா?” கோலப்பன் சட்டுவக் கரண்டியால் கனலைக் கிளறினான். மீட்க முடியாது என்று தெரிந்ததும் அடுப்பின் வாயருகே குந்தி, முகத்தைப் புகைக்குள் நீட்டிக்கொண்டான்.

நாராயணபெருமாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாழக்குடியைப் பார்த்து நடந்தார். உடம்புக்குக் கெடுதி, சாமிக் குற்றம் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. அவருக்கு ஒரே எரிச்சல்தான். இத்தனை காலம் ஆக்கியது என் கையா, அந்தப் பொட்டலமா? பதில் தனக்கே தெரியவில்லை என்பதில் எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டில் மனைவி உலகம்மாளிடம், கஞ்சாவை விட்டாயிற்று என்று சொன்னார். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சரி. நாளைக்கு மறுபடியும் வாங்கும்போ எனக்கு வெத்தில வாங்கிட்டு வாங்க.”

“வாங்க மாட்டேன் ஏட்டி.”

“வெத்திலயா?”

அந்தக் கேலியும் சேர்ந்து வீம்பை இறுக்கியது.

ஆனால் உடம்புக்கு வீம்பெல்லாம் தெரியாது. முதலில் தூக்கம் போயிற்று. பாயில் உருண்டு உருண்டு வியர்வையில் வேட்டி நனைந்துவிடும். விடியும் நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் கனவு. கஞ்சாப் புகையில் கிடந்த இத்தனை வருஷம் வராத கனவுகளெல்லாம் வரிசை கட்டி வந்தன. செத்துப்போன அப்பா சட்டுவத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் துரத்தினார். உலை பொங்கிப் பழையாற்றில் சோறாக ஓடியது. அலறி எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும்.

பகலில் கோபம். கோழி கொக்கரித்தால் கோபம், அடுத்த வீட்டில் உரல் இடித்தால் கோபம். உலகம்மாள் வைத்த சோற்றுக் கிண்ணத்தை ஒருநாள் முற்றத்தில் வீசினார். அவள் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, “இனி பசிச்சா நீங்களே ஆக்கித் தின்னுங்க. நீங்கதானே பெரிய தவசிப்பிள்ள” என்று மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தாள்.

பசித்தால்தானே! சோறு வாயில் களிமண்ணாகப் புரண்டது. தேங்காயெண்ணெய் காயும் வாசம் வந்தாலே குமட்டியது. சேனை நறுக்கும்போது கை நடுங்கிக் கத்தி விரலில் இறங்கியது.

ஒருநாள் கால் தன்னால் நடந்து, பொட்டலம் விற்கிறவனின் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அவன் கேட்காமலே எடுத்து நீட்டினான். அதைப் பார்த்ததும் நாராயணபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் கேட்டேனாலே ஒன்கிட்ட? கேட்டேனா?”

“பின்ன என்னத்துக்கு வே இங்க வந்து நிக்கேரு?”

“ரோட்டுல நிக்கேன். ரோடு ஒனக்க அப்பன் வெட்டினதா?”

சத்தம் போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். கொல்லையில் பட்டுப்போன புளியமரத்தின் அடிக்கட்டை கிடந்தது. கோடாலியை எடுத்தார். கை நடுங்கினாலும் கோடாலி அதைப் பார்க்கவில்லை. அன்று தொடங்கி, வெறி வரும்போதெல்லாம் விறகு பிளந்தார். புளியங்கட்டை தீர்ந்ததும் அடுத்த வீட்டுக்காரனின் வேப்பங்கட்டையைப் போய்க் கேட்டு வாங்கிப் பிளந்தார். தெருவில் யாரும் அந்த மாதம் விறகுக்கு ஆள் கூப்பிடவில்லை.

அப்படிப் பிளந்த களைப்பில் ஒரு மத்தியானம், கை பழக்கம் விட்டுப் போகக் கூடாதே என்று ரசம் வைத்தார். உலகம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினாள்.

“என்ன இது? கடல்லேந்து கோரிக்கிட்டு வந்தியளா?”

அவர் மறுபடியும் குடித்துப் பார்த்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. அன்றுதான் அவருக்கு உண்மையில் பயம் வந்தது. வைகாசியில் ஆறுமுகப்பெருமாள் பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம். சமையலுக்கு ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கும் வாங்கியாகிவிட்டது.

கோலப்பன் வந்து பக்கத்தில் குந்தினான். “அண்ணாச்சி, ஒரே ஒரு இழுப்பு. நாக்கு உடனே உயிர் பிடிச்சிரும். கல்யாணம் முடிஞ்ச பொறவு விட்டுருங்க. பண்ணையாரு சுசீந்திரத்துலேந்து வேற ஆளக் கூட்டிட்டு வரப் போறதா பேச்சு அடிபடுது.”

“அவருட்ட போய்ச் சொல்லு. நான் வாரேன். மூச்சு இருந்தா வாரேன்.”

அவன் போனதும் உலகம்மாளைப் பார்த்தார். “ஏட்டி, கல்யாணத்துக்கு நீயும் வரணும்.”

“பந்திக்கா?”

“ஆக்குப்புரைக்கு. ஒனக்க நாக்கு வேணும்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “இத்தன வருஷமா இந்த நாக்க அடக்கத்தானே சொன்னிய?” என்றாள். பிறகு எழுந்து, நல்ல சேலை எது என்று பெட்டியைத் திறந்தாள்.

விருந்துச் சமையலில் பெண்கள் காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம். அடுப்புப் பக்கம் வரும் வழக்கம் இல்லை. கல்யாணத்தன்று உலகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி, நேராக உருளியின் பக்கத்தில் போய் நின்றாள். நாராயணபெருமாள் சட்டுவத்திலிருந்து ஒரு சொட்டை அவள் உள்ளங்கையில் விடுவார். அவள் நக்கிப் பார்த்து, “உப்பு இன்னும் ஒரு கை” என்பாள், அல்லது “போதும், தொடாதிய” என்பாள். பதமும் பக்குவமும் அவர் கண்ணில் இருந்தன. தேங்காய் எந்த நிறத்துக்கு வறுபட வேண்டும், எரிசேரியை எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. முதல் உருளி இறங்கியபோது அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெயில் ஏறும் வேளையில் ஆறுமுகப்பெருமாள் பிள்ளை ஆக்குப்புரைக்குள் நுழைந்தார். உலகம்மாள் கையை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து முகம் கறுத்தார்.

“என்ன ஓய் இது? அடுப்படில பொம்பளய நிப்பாட்டி, நக்கிப் பாத்துல்லா ஆக்குகேரு! மாப்பிள வீட்டுக்காரன் கேட்டா என் மானம் என்னாகும்?”

“வீட்டுல தினம் உமக்கு யாரு ஆக்கிப் போடுகா?” என்று கேட்டார் நாராயணபெருமாள்.

“வீடு வேற, விருந்து வேற.”

“சரிதான். இத்தன காலமும் கஞ்சாவ இழுத்துக்கிட்டு ஆக்கினேன், ஒம்ம மானம் போகல்ல. இப்ப பொஞ்சாதிய நிப்பாட்டி ஆக்கினா போயிருமா?” அவர் சட்டுவத்தை நீட்டினார். “இன்னா பிடியும். பிரதமனுக்குத் தேங்காயில மூணாம்பால் ஊத்தியாச்சு, ரெண்டாம்பால் விடணும். கிண்டாம நின்னா அடி பிடிக்கும். நாங்க ரெண்டு பேரும் இப்படியே போறோம்.”

வாசலில் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். பிள்ளை சட்டுவத்தையும் பார்த்தார், குமிழியிடும் உருளியையும் பார்த்தார். மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

“நின்னு போச்சே உங்களுக்குக் கை, கிண்டுங்க” என்றாள் உலகம்மாள்.

பந்தி நடந்தது. எரிசேரியை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்கள். பிரதமன் பாயசத்தை இலையிலேயே வழித்தார்கள். இஞ்சிப் பச்சடி மட்டும் கரித்தது. பண்ணையார் வந்து கத்திய நேரத்தில் அதில் இரண்டு முறை உப்பு விழுந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு அவர் அதைச் சொல்லிக் காட்டினார்.

“பச்சடில உப்பு தூக்கல் ஓய்.”

“ஆமா, தூக்கல்தான்” என்றார் நாராயணபெருமாள். “தப்பு என் தப்பு. எரிசேரியும் என் எரிசேரி. ரெண்டுலயும் வேற யாருக்கும் பங்கு கெடயாது.”

தூக்கம் ஆடி வாக்கில் திரும்பியது. பசி அதற்கும் முன்பே, எந்த அறிவிப்பும் இல்லாமல் வந்தது. நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்தவர் பழையதும் கொள்ளுத் துவையலுமாகச் சட்டி முழுவதையும் காலி செய்துவிட்டு, “துவையல்ல புளி கூடிப் போச்சு” என்று குறை சொன்னார். உலகம்மாளுக்குச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாக்கு திரும்பிய பிறகு அவள் ஆக்குப்புரைக்கு வர வேண்டியதில்லை என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “கூட்டிட்டுப் போனது நீங்க. வராண்டாம்னு சொல்ல நீங்க யாரு?” என்று சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். சில வீடுகளில் இதற்காகவே அவரைக் கூப்பிடாமல் விட்டார்கள். போகட்டும் என்று இருந்தார். தெற்குத் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் ஊரில் போட்ட பொதுச் சாப்பாட்டுக்கும் இருவரும்தான் நின்றார்கள்.

அன்று ஆக்குப்புரைக்குப் பின்னாலிருந்து கோலப்பனின் புகை காற்றில் வந்தது. நாராயணபெருமாளின் மூக்கு விரிந்தது. கால் அரையடி அந்தப் பக்கம் திரும்பியதை, காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, அத விட்டு வருஷக்கணக்கு ஆச்சுன்னுல்லா சொன்னாவ?”

“விட்டுக்கிட்டேதான் இருக்கேன்” என்றார் அவர். விறகுக் குவியலுக்குப் போய்க் கோடாலியைத் தேடினார்.