தள்ளிப்போட்ட நாலு டயர்

என் அக்காவின் கணவர் வேகமாக ஓட்டித்தான் செத்தார் என்று திண்டிவனத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். ஐம்பது வயதில் இந்த மனிதருக்கு எதற்கு இப்படி ஒரு கார் என்று, துக்கத்துக்கு வந்தவர்களே தெருவில் நின்று பேசினார்கள். அவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவன் நான். எல்லோர் பேச்சுக்கும் தலையாட்டினேன். அவர் எதனால் செத்தார் என்று எனக்குத் தெரியும். அதை நாலு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

நாங்கள் விழுப்புரத்தில் லாரிக்காரர்கள். அப்பாவிடம் இரண்டு லாரி இருந்தது. 1993இல் படிப்பு ஏறாமல் நான் அந்தத் தொழிலுக்குள் வந்தேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரும்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, செங்கல் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவோம். பராமரிப்புச் செலவைத் திட்டம் போடுவது எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுவதற்கு முன்னால். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லுவார், நான் எழுதுவேன். கையில் இருக்கிற பணத்துக்கு மேல் பட்டியல் போனால் வரிகளை அடிக்கத் தொடங்குவோம். அடிப்பதற்கு ஒரே விதிதான்: வண்டியை வழியில் நிறுத்திவிடக்கூடிய சாமானுக்கு முதல் பணம். பெல்ட், ரேடியேட்டர் ஓஸ், பேட்டரி, கிளட்ச் பிளேட். மற்றதெல்லாம் அடுத்த வருஷம்.

டயர் எப்போதும் கடைசியில்தான் வரும். லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு இரண்டாக டயர். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். டிரைவர் இறங்கி, கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். டயர் வெடிப்பதற்கு எங்களில் யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. டயர் நல்லதா என்று பார்க்க எங்களுக்குத் தெரிந்த வழியும் ஒன்றுதான். பட்டன் என்று நாங்கள் சொல்கிற அந்த ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தை விட வேண்டும். நகம் முழுக்கப் போனால் நல்ல டயர். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

மாமாவுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, திண்டிவனத்தில் பம்ப்செட் மோட்டார் கடை. பீடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் துண்டுத்தாளும் பேனாவும் இருக்கும், ஒரு ரூபாய் ஸ்க்ரூ வாங்கினாலும் குறித்துவைப்பார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கார் என்றால் மட்டும் கண் வேறுமாதிரி ஆகிவிடும். 2009இல் சென்னையில் ஒரு பணக்காரர் வீட்டில் நின்றிருந்த ஜெர்மன் காரை வாங்கிவிட்டார். வேகத்துக்கென்றே செய்த வண்டி. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நாற்பது லட்சம் விலை போன வண்டி, ஐந்து வருஷத்தில் புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைக்கு இறங்கியிருந்தது. ஓடியிருந்ததோ வெறும் இருபதாயிரம் கிலோமீட்டர்.

வண்டியின் விலைதான் இறங்கியிருந்தது. அதன் சாமான்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. சுண்டுவிரல் அளவு சென்சார் ஒன்றுக்கு முதல் வருஷம் கொடுத்த பணத்தில் நான் ஒரு லாரிக்கு ரேடியேட்டரே மாற்றியிருப்பேன். அக்கா கோபப்பட்டாள். மாமா அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்: மாசம் பத்தாயிரம் தனியாக எடுத்துவைப்பது, வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் வண்டியை விற்றுவிடுவது. அதற்குள் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவு சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

"இவன் வண்டியிலயே பொறந்து வளந்தவன். இவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவது தேறாதவனை அந்த வீட்டில் இன்ஜினீயர் மாதிரி உட்காரவைத்தார்கள்.

2012 மாசியில் அந்த வருஷத்துப் பட்டியலோடு கடையில் உட்கார்ந்தோம். அந்த மாதிரிக் கார்களுக்கு வேலை பார்க்கிற பாண்டிச்சேரி மெக்கானிக் எழுதிக் கொடுத்தது. முன் பிரேக் தட்டு, கியர்பாக்ஸ் ஆயில், சஸ்பென்ஷன் வேலை எல்லாம் சேர்த்து அறுபதாயிரம். அதைத் தள்ள முடியாது. ஏசி கம்ப்ரசர் அறுபதாயிரம். நாலு டயர் ஐம்பத்தாறாயிரம். ஏசி, டயர் இரண்டில் ஒன்றுதான் முடியும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

மாமா என்னை வெளியே காரிடம் அழைத்துப்போனார். "மாப்ள, டயர மாத்திடலாம்னு பாக்கறேன். சைடுல பாரு, கோடு கோடா வெடிச்சிக்கினு வர்றது."

நான் குந்தி உட்கார்ந்து நகத்தை விட்டுப் பார்த்தேன். "முக்கா பட்டன் இருக்குதுங்க மாமா. இதப் போயி கழட்டிப் போடுவாங்களா? வெயில்ல நிக்கிற டயருன்னா கோடு வுழத்தான் செய்யும். இன்னும் ரெண்டு வருஷம் கேக்காது."

"பாண்டிச்சேரிக்காரன் கண்டிப்பா மாத்தச் சொல்றாம்பா."

"அவனுக்கு கமிஷன் வர்றது, சொல்றான். நீங்க ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை எடுக்கறீங்க. ஓடாத வண்டிக்கு இன்னா மாமா டயரு?"

அப்போது அக்கா டீ கொண்டுவந்தாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. என்ன பேச்சு என்று கேட்காமலேயே, "ஏசியப் போட்டாத்தான் இனிமே நான் அதுல ஏறுவேன். பின்னாடி உக்காந்தா இட்லி மாதிரி அவிச்சி எடுக்குது. டவுன் பஸ்ஸே தேவல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏசியப் போட்டுடுங்க மாமா. டயரு அடுத்த வருஷம்" என்றேன். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். டயர் என்று எழுதியிருந்த வரியை நான்தான் அடித்தேன். ஒரே கோடு. இன்றைக்கும் அந்தப் பேனா தாளில் கீறியது என் விரலில் இருக்கிறது.

அந்த வருஷம் கத்தரி வெயில் கொளுத்தியது. மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் விருந்து. அக்காவும் அவள் மகளும் முதல் நாளே பஸ்ஸில் விழுப்புரம் வந்துவிட்டார்கள். மாமா கடையைப் பூட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பன்னிரண்டரைக்கு எனக்குப் போன் வந்தது. மாமாவின் நம்பர், பேசியது வேறு ஆள்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, நாலு வழிச் சாலையில், பின்பக்க இடது டயர் வெடித்திருக்கிறது. நூற்றிருபதில் போயிருப்பார் என்றார்கள். அந்த வண்டிக்கு அது ஒரு வேகமே இல்லை. நடுவில் வைத்திருந்த அரளிச் செடிகளை முறித்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் உருண்டிருக்கிறது. எதிரே யாரும் வரவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்து அக்காவிடம் நான் எப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து, போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் நின்றிருந்த காரைப் பார்க்க பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். நானும் போயிருந்தேன். மிச்சம் மூன்று டயரும் காற்றோடு நன்றாகவே இருந்தன. கைப்பழக்கத்தில் நகத்தை விட்டேன். முக்கால் பட்டன். எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் சொன்னது சரி என்று அந்த இடத்தில் நின்றுகொண்டு நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் டயரின் ஓரத்தில் இருந்த நாலு இலக்கத்தைப் பேனாவால் தட்டினார். "இத யாரும் பாக்கலியா? செஞ்ச வாரமும் வருஷமும் போட்டிருக்கு பாருங்க. ரெண்டாயிரத்து நாலு. எட்டு வருஷ டயரு. ஓடாம வெயில்ல நின்னு நின்னு ரப்பர் உள்ளயே செத்துப்போயிருக்கும். இந்த வேகத்துக்கு எப்படித் தாங்கும்?"

"பட்டன் இருக்குதேங்க சார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லாரி வெச்சிருக்கீங்களா? அதான். உங்க டயரு ஒரு வருஷத்துல தேஞ்சி போயிடும். வயசாவறதுக்கு எங்க நேரம்? காருக்குப் பட்டன மட்டும் பாத்தா பத்தாதுங்க."

இருபது வருஷம் டயர்களுக்கு நடுவிலேயே புழங்கியவன் நான். அந்த நாலு இலக்கத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் மாதிரிப் பேசி ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன். அவர் கேட்டது நாலு டயர். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல், சாப்பாடு, பாத்திரம் என்று எண்பதாயிரம் ஆனது. ஒரு பைசாவுக்கும் நான் பேரம் பேசவில்லை. இதை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

அதன் பிறகு அக்காவுக்கு எல்லாமே நான்தான். கடையை ஆள் வைத்து நடத்தினேன், காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்தேன், மகளைக் காலேஜில் சேர்த்தேன். என் தம்பி இல்லாவிட்டால் நாங்கள் தெருவில் நின்றிருப்போம் என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கு அது செருப்படி. இருந்தும் கேட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அவள் என்னை வெறுப்பாள், அந்த ஒரு பயம்தான்.

2016இல் அக்கா மகளுக்குக் கல்யாணம் முடிவானது. முதல் பத்திரிகையைத் திருவாமாத்தூர்க் கோயிலில் வைக்க இரண்டு வீட்டாரும் போனோம். அங்கே அர்ச்சனை முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா பழைய கார் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். அக்கா உடனே, "என் தம்பிய இட்டுக்கினு போங்க. அவன் பாத்து சரின்னு சொன்னா கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்றாள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவர்கள் எழுந்து வெளியே போனதும் அவளை நிறுத்தி, "அக்கா, டயர மாத்தணும்னு மாமா கேட்டாரு. நான்தான் வேணாம்னு அடிச்சேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். டயரில் இருந்த கோடு, நான் விட்ட நகம், கமிஷன் என்று நான் சொன்னது, பிரேக் இன்ஸ்பெக்டர் காட்டிய இலக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"இத்தினி வருஷமா ஏன்டா சொல்லல?"

"பயமா இருந்துச்சிக்கா."

பிறகு கேட்டாள்: "காசுதான் இருந்துச்சே. வண்டிக்குன்னு மாசாமாசம் எடுத்து வெச்சாரே. அந்தக் காசு எதுக்குப் போச்சி?"

நாலு வருஷமாக மனத்துக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். இந்தக் கேள்வி வரும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முகம் மாறத் தொடங்கியது.

"ஏசி அந்த வருஷந்தானடா போட்டது?"

"இல்லக்கா. அது முந்தின வருஷம். இந்தக் காசு கியர்பாக்ஸ் வேலைக்குப் போச்சி."

"மாசியில போட்ட மாதிரி ஞாபகம். நான் டீ குடுத்துட்டு..."

"முந்தின வருஷ மாசிக்கா அது. நான்தான லிஸ்ட் எழுதுனேன், எனக்குத் தெரியாதா?"

அந்தக் கோயிலில் ஒரு பாறை இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் விளங்க மாட்டான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறோம். பங்காளிச் சண்டை, பணத் தகராறு எல்லாம் அங்கே வந்துதான் தீரும். அக்கா என் கையைப் பிடித்து அந்தப் பாறைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்க சொல்லு. ஏசி முந்தின வருஷந்தானா?"

"சத்தியமா முந்தின வருஷந்தான்" என்றேன். உள்ளங்கையைப் பாறையின் பக்கமாக நீட்டிக்கொண்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னேன்.

அவளுக்கு மூச்சு வந்தது. என் கையை விட்டாள். பிறகு, நான்கு வருஷம் நான் எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ அதே பார்வையை என் மேல் வைத்து, "அப்ப நீதான்டா அவர கொன்னுட்ட" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.