முகர்ந்து பார்த்த தோடு

காதில் இரண்டாவது துளை போட, கடைக்காரப் பெண் நீல மையால் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். விருதுநகரில், போன சனிக்கிழமை. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே இடத்தில், இதே அளவில் ஒரு தழும்பு சித்தியின் காதில் இருக்கிறது. இரண்டு காதிலும். பதினாலு வருடமாகப் பார்க்கிறேன். என்ன ஏது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. துளையை அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் ஊர். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் எனக்குக் காதுகுத்து என்று முடிவானதும், தோடு கொண்டுவரும் உரிமை வழக்கப்படி தாய்மாமனுக்குப் போனது. மாமாவுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை. சாமி படங்களின் கிரீடத்துக்கும் நகைக்கும் தங்க ஃபாயில் ஏற்றுகிற மெஷின் அவர் கையில்தான். முதல் நாள் சாயங்காலம் அவர் டப்பாவைத் திறந்தார். எட்டு இதழ் பூ, நடுவில் சிவப்புக் கல். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் எப்படி நடப்பது என்பதைக்கூட அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து சித்தி இறங்கி வந்தாள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தங்கை. கல்யாணமாகாத அந்த வயதில் எங்கள் வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போனாள். அவள் இரண்டு காதிலும், தோட்டுக்கு மேலே இன்னொரு துளையும் அதில் கடுகளவு தங்கப் பொட்டும் உண்டு. முதல் போனஸில் வாங்கியது. வேனிலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது. யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே பதில் சொல்வாள், பொட்டு தெரிகிற மாதிரி.

நாங்கள் எல்லாரும் பூவைப் பார்த்தோம். அவள் தோட்டைத் திருப்பி, காதுக்குள் போகிற தண்டைப் பார்த்தாள்.

"பூ தங்கந்தாண்ணே. தண்டு?"

"ஏ புள்ள, நாளெல்லாம் தங்கக் கலர்லயே முழிக்கவன்ட்ட வந்து கேக்க பாரு!"

"நீங்க ஏத்துறது காகிதத்துல. இது பச்சப்புள்ள காதுக்குள்ள போறதுல்லா."

மாமாவைக் காப்பாற்ற நான் ஓடிப்போய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்து வைத்திருந்த காந்தத்தைக் கொண்டுவந்தேன். தண்டில் வைத்தேன். ஒட்டவில்லை.

"மருமக தீர்ப்புச் சொல்லிட்டா, போ!" மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பித்தளையிலயுந்தான் ஒட்டாது," என்றாள் சித்தி. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று, வெடிமருந்து சலிக்கிற சல்லடையிலிருந்து அவர்கள் கம்பெனியில் எல்லாமே பித்தளை. அவளுக்கா தெரியாது? உள்ளங்கையை ஈரமாக்கித் தண்டை நன்றாகத் தேய்த்தாள். முகர்ந்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். தினமும் சாயங்காலம் அவள் என் கன்னத்தைக் கிள்ளும்போது வருகிற அதே வாடை. அடுத்து, தன் காதுப் பொட்டைக் கழற்றி மறு கையில் தேய்த்துக் காட்டினாள். ஒரு வாடையும் இல்லை.

"இம்புட்டுந்தான். பச்சப் புண்ணுல அந்தத் தண்டு கெடந்தா சீழ் வைக்கும்."

மாமாவின் சிரிப்பு நின்றுபோனது. "முழுக்கத் தங்கம்னுதான கடைக்காரன் சொன்னான்..." என்றார். விடிந்தால் சொந்தபந்தம் மொத்தமும் கோயிலுக்கு வந்துவிடும். தாய்மாமன் பித்தளை கொண்டுவந்தான் என்று ஒரு வாய் சொன்னால் போதும்.

மறுநாள் மாமா மடியில் உட்கார்ந்து, அவர் நீட்டிய தட்டைப் பார்த்தேன். பூவைக் காணோம். இரண்டு பொட்டுகள்.

"புண்ணு ஆறுற வரைக்கும் பொட்டுதான் போடணும், பூவ பெறகு போடுவோம்," என்று சித்தி ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஆசாரி குத்துவதற்கு முன்பே நான் ஊளையிட ஆரம்பித்துவிட்டேன். வலிக்குப் பயந்து அழுகிறேன் என்று எல்லாரும் வாழைப்பழத்தை நீட்டினார்கள். சமாதானம் செய்ய வந்த சித்தியின் கையைக் கடித்துவைத்தேன். என் பூவைக் கெடுத்தவள் அவள்தானே!

காது ஒரு சொட்டுச் சீழ் இல்லாமல் ஆறியது. மாமா தண்டைத் தங்கத்தில் மாற்றிக் கொடுத்தார். நானும் பள்ளிக்கூடத்தில் அந்த நடையை நடந்தேன். சித்தியின் மேல்துளையில் கொஞ்ச நாள் வேப்பங்குச்சி இருந்தது, பிறகு அதுவும் இல்லை. கேட்டதற்கு, "கம்பெனில கழட்டச் சொல்லிட்டாக," என்றாள். நம்பினேன். தாய்மாமன் தட்டில் வைத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று மடியில் என்னை இறுக்கிப் பிடித்திருந்த மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்காக என்று நினைத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தங்கையின் காதை.

நேற்று சித்திக்குப் போன் போட்டு, என்னோடு வந்து மேல்துளையை மறுபடி குத்திக்கொள்ளச் சொன்னேன். "தீபாவளி சீசன்ல லோடு ஏத்தவே நேரமில்ல, எனக்கு இப்ப காது ஒண்ணுதான் கொறச்சலாக்கும்?" என்றாள். நான் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா நேராகக் கடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொட்டுகளை என் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாயிற்று. நீட்டப்போவது அவர்தான்.

எனக்கு வாங்கும் பொட்டை மட்டும் திருப்பித் தண்டைப் பார்ப்பேன், தங்கத்தின் தரம் பார்க்கிற கடை மெஷினில் வைத்துக் காட்டச் சொல்வேன், உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தும் பார்ப்பேன். சித்தியுடையதற்கு அது தேவைப்படாது.