திரை முழுக்க அப்பா

ஒல்லியான என் அப்பாவை என் மகளுக்குக் குண்டாக அறிமுகப்படுத்தலாமா?

அலமாரியைத் துடைத்தபோது அண்ணனின் பழைய கையடக்க கேம் கருவி கிடைத்தது. சார்ஜ் போட்டதும் சூடான பிளாஸ்டிக் வாசனை. அபிராமபுரம் வீட்டில் இதே வாசனையோடுதான் இதன் சின்னஞ்சிறு திரையை நாங்கள் எல்லோரும் முட்டிக்கொண்டு பார்த்தோம். கேசட்டில் இருந்த என் பிறந்தநாள் வீடியோவை அண்ணன் கம்ப்யூட்டரில் அதற்கேற்ப கன்வெர்ட் செய்து முடிக்கும்வரை அம்மா மிக்ஸி போடக் கூடாது. ஃபியூஸ் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ரெண்டு பக்கமும் ஏன்டா கறுப்பா விட்டிருக்க? திரை முழுக்க வரணும்" என்றார் அப்பா. அண்ணன் மறுபடி செய்தான். படம் பக்கவாட்டில் இழுபட்டது.

"என்னடா, இட்லி மாதிரி இருக்கேன்?"

"நீங்கதானேப்பா முழுக்கக் கேட்டீங்க."

அப்பா சிரித்தார். "சரி, விடு. நல்லா சாப்பிடறவன் மாதிரி தெரியறேன்."

அப்பா இப்போது இல்லை. மூல கேசட்டைப் பூஞ்சை தின்றுவிட்டது. இந்தக் கருவியில் இருக்கும் இழுபட்ட படம்தான் மிச்சம். ஃபோனுக்கு மாற்றும்போது அகலத்தைக் குறைத்தால் அப்பா பழையபடி ஒல்லியாகிவிடுவார். ஆனால் திரை முழுக்க வேண்டும் என்றது அவர்தானே.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்தான். தாத்தாவைப் பார்த்தே இராத மகளுக்கு முதலில் எதைக் காட்டுவது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்.