அரிசி களைந்த தண்ணீர்

எழுபதுகளின் தொடக்கத்தில், லாரி ஓட்டிய என் கணவர் விபத்தில் இறந்துபோனார். அதன்பின் எளாவூர் வீட்டில் நான் அடுப்பும் மூட்டவில்லை, சாமி விளக்கும் ஏற்றவில்லை. டீக்கடை பன்னோடு பொழுது போனது. அவர் கொல்லையில் விதைத்துவிட்டுப் போன அவரைக்கொடி, நான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியும் வாடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்தாள். "கெணத்துத் தண்ணி உப்புக்கா. இத்தையே ஊத்திக்கினு இருந்தா செத்துப்பூடும். அரிசி கழுவுன தண்ணிய ஊத்து."

அந்தத் தண்ணீருக்காகவே தினமும் ஒரு பிடி அரிசி களைந்தேன். களைந்ததைக் கொட்ட மனம் வராமல் உலையில் போட்டேன். வெந்ததை வீணாக்க முடியாமல் சாப்பிட்டேன்.

தையில் கொடி காய்த்தது. முதல் காய் அம்மனுக்கு என்பது வழக்கம். சலிப்போடுதான் கோயிலுக்குப் போனேன். கேட்க எதுவும் மிச்சமில்லை.

"பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் போனபின் எனக்குப் பசித்தது அன்றுதான்.