பாலமலை ஏற்றமும் மச்சானின் முழங்காலும்

பாலமலைக்கு நான் பக்தியால் போகவில்லை, டாக்டர் சொல்லித்தான் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நயா பைசா வந்து இரண்டாவது வருடம், பங்குனி முதல் வாரம். கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் கார்டிங் பகுதியில் எனக்கு வேலை. பஞ்சைச் சிக்கெடுக்கும் இடம் அது. எட்டு மணி நேரமும் தூசிக்குள்தான் நிற்க வேண்டும். ஆறு வருடத்தில் அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி, ஓயாத இருமலாகிவிட்டது.

டாக்டர் மருந்தைக் குறைத்து, நடையை அதிகமாக எழுதிக்கொடுத்தார். மூன்று மாதம் லீவு போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தினமும் வெளிக்காற்றில் நடக்க வேண்டும். "பங்குனியில ஒரு மலை ஏறிப் பாருங்க. ரெண்டு மூணு தடவைக்கு மேல நிக்காம ஏறீட்டா பழைய வேலைக்கே போங்க. முடியலீன்னா அந்தப் பக்கமே எட்டிப் பாக்காதீங்க" என்றார். மில்லில் தோட்ட வேலை ஒன்று காலியாக இருந்தது, ஆனால் சம்பளம் மாதத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைவு. இரண்டு குழந்தைகளை வைத்திருப்பவனுக்குப் பன்னிரண்டு ரூபாய் சின்ன விஷயமில்லை. கார்டிங்கா, தோட்டமா என்பதை அந்த மலைதான் சொல்ல வேண்டும்.

காலை ஐந்தரைக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன். பெரியநாயக்கன்பாளையத்துக்கு டிக்கெட் நாற்பது நயா பைசா. ஆறேகாலுக்கு இறங்கினேன். என் மனைவியின் அண்ணன் சின்னச்சாமி சோற்றுத் தூக்குப்போசியோடு ரோட்டோரம் நின்றிருந்தார். அங்கேயே தோட்டம் வைத்து விவசாயம் பார்ப்பவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவரை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. என் மனைவிதான் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"வாங்க மாப்ள. ஊட்டுக்கு வந்து ஒருவாய் சாப்ட்டுப் போட்டுப் போலாமுங்க" என்றார். உண்ட வயிற்றோடு மலை ஏற முடியாது என்று தப்பிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. எங்கள் பக்கம் மாப்பிள்ளையாகப் போகிறவர்கள் இந்தக் கால் மணியையும் சேர்த்துத் திட்டமிடுவது நல்லது.

ரோட்டிலிருந்து அடிவாரம் இரண்டு மைல், எல்லாம் சமதளம். சோளத்தட்டு அறுத்துப் போட்ட காடுகள், புங்க மரங்களில் புதுத் தளிர். காற்று குளிர்ச்சியாகவே இருந்தது. அடிவாரத்தில் ஒரு இலவ மரம் காய் வெடித்து, பஞ்சு காற்றெல்லாம் பறந்துகொண்டிருந்தது. நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மலைக்கு வந்தும் பஞ்சுதானா என்று எரிச்சலாக வந்தது.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு ஏற ஆரம்பித்தோம். மேலே கோயில் வரை மூன்று மைல். பாதை கல்லும் சரளையுமாக இருக்கும், பாதித் தூரம் வரை நிழல் உண்டு. முதல் இரண்டு பர்லாங்கு சுகமாகப் போயிற்று. மூன்றாவதில் என் நெஞ்சு இறுகத் தொடங்கிய நேரம், மச்சான் சட்டென்று ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"சித்த இருங்க மாப்ள. முழங்காலு புடிச்சுகிச்சுங்க."

எனக்கு உள்ளூர நிம்மதி. அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டேன். இப்படி ஒன்பது முறை அவருக்கு முழங்கால் பிடித்தது. ஒன்பதையும் நான் அவர் கணக்கில்தான் எழுதினேன். பாவம், இந்த வயதிலேயே இப்படியா என்று பரிதாபம்கூடப் பட்டேன். ஒன்பதே முக்காலுக்குக் கோயில் வாசலில் நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறைகூட நானாக நிற்கவில்லையே! திங்கட்கிழமை கார்டிங்கில் கையெழுத்துப் போடுவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கோயிலுக்கு எதிரே ஒரு அம்மாள் மோர் விற்றுக்கொண்டிருந்தார். டம்ளர் ஐந்து நயா பைசா. மச்சானைப் பார்த்ததும், "ஏனுங்ண்ணா, தப்பிப்போன ஆடு கெடச்சுதுங்களா? நேத்து ஒரே நாள்ல ரெண்டு வாட்டி கீழயும் மேலயும் ஓடுனீங்களே" என்று கேட்டார்.

மச்சான் மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கெடச்சுதுங் அம்மணி" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. அவர் கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சோற்றை ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றோம். சோறு நன்றாகத்தான் இருந்தது.

இறங்கும்போது பாதிவழியில் கேட்டேன். "முழங்கால் வலி பொய்தானுங்களே?"

"மாப்பிள்ளையப் பாத்து, உங்களுக்கு மூச்சு வாங்குது, உக்காருங்கன்னு நான் எந்த வாயில சொல்றதுங்க? பொண்ணு குடுத்த ஊட்டுக்காரன் சொல்ற வார்த்தைங்களா அது?"

"என் பொழப்பே இந்த மலையிலதான் இருந்துதுங்க மச்சான். டாக்டர் சொன்னத உங்க தங்கச்சி உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"நடக்கணும்னுதான் சொல்லுச்சு. பரீச்சைன்னு சொல்லலீங்களே" என்றார். முகம் வாடிவிட்டது. அதற்குமேல் அவரை என்ன சொல்வது? மூச்சு முட்டுகிறது என்று மைத்துனன் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கும்தான் வாய் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனேன். அதே பஸ், அதே பாதை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டேன். மேலே போய்க் கொட்டிப் பார்த்தால் பதினொன்று. போன வாரம் மச்சான் என் மூச்சைக் கிட்டத்தட்ட சரியாகத்தான் கேட்டிருக்கிறார், இரண்டைத்தான் தவறவிட்டிருக்கிறார். அந்தப் பதினொரு கல்லையும் பார்த்து அழுகை வந்தது. கொஞ்சம் அழுதேன். திங்கட்கிழமை தோட்ட வேலைக்குப் பெயர் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனி இரண்டு மாதம்தான் ஏற்றது, சித்திரை பிறந்தால் கல் சுடும். ஏழு மணிக்குள் ஏறத் தொடங்கிப் பதினொன்றுக்குள் இறங்கப் பாருங்கள். வழியில் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோக வேண்டும். உடம்பைச் சோதித்துப் பார்க்கப் போகிறவர்கள் தனியாகப் போவது உத்தமம். சொந்தக்காரர்களோடு போனால் மலையின் உயரமே தெரியாது.

ஆனாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் நான் மச்சானோடுதான் ஏறுகிறேன். கார்டிங்கை விட்டு ஏழு வருடம் ஆகிறது. இருமல் எப்போது நின்றதென்றே நினைவில்லை. சென்ற ஆண்டு அவர் கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து, வலது முழங்காலில் நல்ல அடி. வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மூன்றாவது பர்லாங்கில் அவர் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. காலை இழுத்து வைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

"மச்சான், மூச்சு வாங்குதுங்க. சித்த உக்காரலாமுங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு பழைய பாறையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "உக்காருங்க மாப்ள. உங்க ஒடம்புதானுங்க முக்கியம்" என்றார்.

கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அன்றைக்கு எனக்குப் பதினான்கு முறை மூச்சு வாங்கியது.