கொள்முதல் நிலையத்தில் ஒரு காலாண்டு விடுமுறை

என் மகனுக்குப் பதினாறு வயது. ஓடி விழுந்துவிடுவானோ என்று கவலைப்பட்ட காலம் போய், எழுந்தானா என்று கவலைப்படும் காலம் வந்துவிட்டது. கூடத்து சோபாவின் ஒரு கைப்பிடியில் தலையும் மறு கைப்பிடியில் காலுமாகப் படுத்திருப்பான். நெஞ்சின் மேல் கைப்பேசி. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சோபாவைப் பார்ப்பார்கள், பிறகு அவனைப் பார்ப்பார்கள், பிறகு பேசாமல் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார்கள்.

அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சோம்பேறிக்குக் கொஞ்சமாவது உறுத்தல் இருக்கும். எனக்கு இருக்கிறது. இவனிடம் அது மருந்துக்கும் கிடையாது. எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாக இருந்தால் சண்டையாவது போடலாம். இவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிற கட்சி.

"இப்படியே படுத்துக் கெடந்தா உருப்படுவியாடா?"

"கஷ்டந்தாம்பா."

"அப்பறம் என்னதான் ஆகப்போற?"

"ஏதாவது ஆவேன்பா."

துளி கோபம் இருக்காது குரலில். பெரிய மடாதிபதிகள் பல வருடம் பாடுபட்டு அடைகிற நிதானம் அது. நான் மாடிக்குப் போய்விடுவேன்.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நூலகர். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அலமாரிக்குப் போவது தொழில் கோளாறு. வளரிளம் பிள்ளைகளைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து படித்தேன். கட்டளை இடாதே, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கொடு என்றது ஒரு புத்தகம். கொடுத்தேன்.

"தம்பி, நீ இப்ப படிக்கப் போறியா, இல்ல அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணப் போறியா?"

அவன் உண்மையிலேயே யோசித்தான். "ரெண்டும் வேணாம்பா. தேங்க்ஸ்."

நீயே முன்மாதிரியாக இரு என்றது இன்னொன்று. விடியற்காலையில் எழுந்து வாய்க்கால் கரை வரை வேகநடை போனேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். முன்மாதிரியைப் பார்க்க அந்நேரத்தில் அவன் விழித்திருக்க வேண்டும் என்பதை நானும் யோசிக்கவில்லை, புத்தகம் எழுதியவரும் யோசிக்கவில்லை.

என் மனைவி இந்தப் புத்தகங்கள் எதையும் தொடுவதில்லை. பூதலூர் பக்கம் எங்கள் ஊரில் அவள் பிறந்த வீட்டுவழி வந்த நிலத்தில் அவள்தான் பயிர் வைக்கிறாள். வயல் விஷயத்தில் என் பங்கு, அவள் சொல்வதற்குத் தலையாட்டுவதும், தவறான நேரத்தில் கருத்துச் சொல்வதும். "வளர்ற புள்ளங்க, தூங்கத்தான் செய்யும். அதுக்கு ஏன் நீங்க பல்லக் கடிச்சிக்கிட்டு அலையறீங்க?" என்பாள். அவளுக்கு வேறு கவலை. குறுவை அறுத்தாகிவிட்டது. நெல் இன்னும் விற்கவில்லை.

குறுவை நெல்லுக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. அது விளைந்து வரும்போதே மழையும் வந்துவிடும். அறுத்த நெல்லை அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சாலையோரம் கொட்டிக் காயவைத்துக் குவித்து, வரிசையில் காத்திருக்க வேண்டும். ஈரப்பதம் சரியாக இருந்து, சாக்கும் வந்து, நம் முறையும் வந்தால் எடை போடுவார்கள். இவற்றில் இரண்டு வரும்போது மூன்றாவது வராது. அதற்குள் மழை பெய்து நனைந்தால் நெல் முளைத்துவிடும். முளைத்த நெல்லை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் குவியலை விட்டு நகரவே கூடாது. முறை வந்து கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த குவியலுக்குப் போய்விடுவார்கள்.

எங்கள் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிக் காயவைத்தாயிற்று. ஆனால் காவலுக்கு ஆள் இல்லை. மனைவிக்கு அடுத்த போகத்துக்கு நாற்றங்கால் வேலை, எனக்குக் கல்லூரி. அப்போதுதான் அவனுக்குக் காலாண்டு விடுமுறை விட்டார்கள். எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"இவன அனுப்புவோம். வெயில்ல காஞ்சா தெரியும், சோறு எங்கேருந்து வருதுன்னு. ரெண்டு நாள்ல புஸ்தகத்தக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுவான் பாரு."

மனைவி என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஆனால் அவளுக்கும் ஆள் தேவைப்பட்டது. அவனிடம் சொன்னோம்.

"அங்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நெல்லு பக்கத்துலயே இருக்கணும். எங்கயும் போகக் கூடாது."

அவன் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். "சரிப்பா" என்று சோபாவிலிருந்து எழுந்தான். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே நான் செய்த தப்பு எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல், ஒரே இடத்தில், நாள் முழுக்கக் கிடப்பதற்கு ஆள் தேவைப்படுகிற வேலை இந்தக் காவிரிப் படுகையிலேயே ஒன்றுதான் இருக்கிறது. தண்டனை என்று நினைத்து நான் அவனை அங்கே அனுப்பிவைத்தேன்.

முதல் நாள் மாலையில் கல்லூரி முடிந்து, அவன் அழுதுகொண்டிருப்பான் என்ற நம்பிக்கையோடு வண்டியை நிலையத்துக்குத் திருப்பினேன். குவியல்களுக்கு நடுவில் பூவரச மர நிழலில், நெல்லை மூட வைத்திருந்த படுதாவை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, வீட்டில் எப்படியோ அப்படியே கிடந்தான். கைப்பேசி நெஞ்சில். பக்கத்தில் யாரோ கொடுத்த சுண்டல் பொட்டலம்.

அடுத்த குவியல், குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒரு பெண்ணுடையது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "சார், ஒங்க புள்ளயா?"

நான் வழக்கமான முகத்தை வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது வைத்துக்கொள்கிற முகம். "ஆமாங்க. ஏதாவது பண்ணிட்டானா?"

"தங்கம் சார்! வந்ததுலேருந்து எடத்த விட்டு அசையலயே!"

இதே புகாரைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் பாராட்டாகச் சொன்னார். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அங்கே காத்திருக்கும் பெரியவர்களுக்கெல்லாம் ஆயிரம் வேலை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், டீ குடிக்க வேண்டும், யாரோடாவது சண்டை போட வேண்டும். எல்லோரும், "அதான் தம்பி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆடு வந்தால் படுத்தபடியே "ஹேய்!" என்று ஒரு சத்தம் கொடுக்கிறான். ஆடு போய்விடுகிறது. அந்த நிலையத்தில் ஒரே நாளில் என் மகன் பொறுப்பான ஆளாகிவிட்டான்.

எனக்கு இது பிடிக்கவில்லை. திருந்துவதற்காக அனுப்பிய இடத்தில் திருந்தாமலே நல்ல பெயர் வாங்கினால் ஒரு தகப்பனுக்கு என்ன மரியாதை? அதனால் விடுமுறை பாதி கழிந்த ஒரு மாலையில் அவனுக்கு வேலை கண்டுபிடித்தேன். நிலையத்துப் பட்டியல் எழுத்தர் அன்றுதான் மெஷினில் ஈரம் பார்த்து, எங்கள் நெல் சரியாக இருக்கிறது, சாக்கு வந்ததும் எடை போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

"தம்பி, எதுக்கும் நாளைக்கிக் காலையில படுதாவ எடுத்துட்டு நெல்ல நல்லா விரிச்சி விட்டுடு. சாயங்காலம் அள்ளிக் குமிச்சிடு."

"சரிப்பா."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஈரந்தான் சரியா இருக்குன்னு சொல்லிட்டாரே, மழைக் காலத்துல எதுக்குத் திரும்ப விரிக்கணும்?" என்றாள்.

"அவனுக்கு ஒரு வேலை வேணும்ல?"

"அவனுக்கா, ஒங்களுக்கா?"

மறுநாள் அவள் வலங்கைமானில் அக்கா மகளின் வளைகாப்புக்குப் போய்விட்டாள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் நூலகத்தில் வருகைப் பதிவேட்டின் மேல் கண்ணசந்திருந்தபோது போன் வந்தது. பின்னணியில் நாதஸ்வரம்.

"ஏங்க, அங்க வானம் எப்படி இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மேற்கே வானம் அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருந்தது.

"கொஞ்சம்... கருப்பா இருக்கு."

"இவன் போன எடுக்க மாட்டேங்கிறான். நெல்லு விரிச்சிக் கெடக்குமே! நனைஞ்சா அம்புட்டும் போச்சி. தை மாசம் வரைக்கும் நம்ம கையில வேற நெல்லு கெடையாது. விரிக்கச் சொன்ன மகராசன் எங்க இருக்காரு?"

மகராசன் வண்டியில் ஏறிவிட்டார்.

பூதலூர் சாலையில் அன்று நான் ஓட்டிய வேகத்தை என் வண்டியே எதிர்பார்க்கவில்லை. முன்னால் மின்னல், ஹெல்மெட் கண்ணாடியில் முதல் துளிகள். ஒரு கையால் அவனுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரயில்வே கேட்டை எனக்காகவே காத்திருந்தது போல இறக்கினார்கள். நீளமான சரக்கு ரயில் ஒன்று, அவசரம் என்றால் என்னவென்றே கேள்விப்படாதது போலப் போய்க்கொண்டிருந்தது. அங்கே நின்றபோதுதான் நான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைத்தது. கடவுளே, அவன் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது. இத்தனை வருடமும் எப்படிக் கேட்கவில்லையோ, அப்படியே இன்றைக்கும் கேட்டிருக்கக் கூடாது. இதற்கு முன் எந்தத் தகப்பனும் எந்தச் சாமியிடமும் இப்படி வேண்டியிருக்க மாட்டான்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்திருந்தது. எல்லோரும் சாக்கும் கூடையுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குவியலைப் பார்த்தேன். படுதா அப்படியே இருந்தது. ஓரத்தில் வைத்த செங்கல்கூட முந்தின நாள் வைத்த இடத்தில். ஒரு நெல் விரிக்கப்படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது மழைதான் என்று பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அவனைக் காணோம். பூவரச மரத்தடியில் செருப்பு மட்டும் கிடந்தது. படுதாவுக்குள் எங்கேயோ கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது. வலங்கைமானாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்பா! அந்த முனையப் புடிங்க!"

குத்தகைப் பெண்ணின் நெல் சாலை முழுக்க விரிந்து கிடந்தது. அவரும் இவனும் ஆளுக்கொரு பலகையால் நெல்லைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வெறுங்காலோடு, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, ஓடி ஓடித் தள்ளினான். அவன் ஓடி நான் பார்த்தது ஆறாம் வகுப்பு விளையாட்டு விழாவில்தான், அதுவும் எதிர்த்திசையில். நான் அவருடைய படுதாவின் முனையைப் பிடித்து இழுத்தேன். காற்று அதைத் திருப்பி இழுத்தது. நெல்லில் கால் வழுக்கி, குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், எழுந்திரிங்க சார், ஒங்களையும் சேத்து மூடிடப்போறோம்!" என்றார் அந்தப் பெண்.

மூடி முடித்தபோது மழை வெளுத்து வாங்கியது. அவருடைய நெல்லில் ஓரம் மட்டும் நனைந்திருந்தது. மூன்று பேரும் நிலையத்துக் கூரைக்குக் கீழே ஒண்டினோம். அவன் தலையைத் துவட்டாமல் நின்றான். எனக்கு இரண்டு கேள்வி பாக்கி இருந்தது.

"நான் விரிக்கச் சொன்னேனே, ஏண்டா விரிக்கல?"

"விரிச்சா திரும்ப அள்ளணுமேப்பா."

"சரி, போன ஏன் எடுக்கல?"

"ஓடிக்கிட்டு இருந்தேன்பா."

முதல் காரணத்துக்கு அவனைத் திட்ட வேண்டும், இரண்டாவதற்குத் தட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எப்படிச் செய்வது என்று நான் படித்த புத்தகங்களில் இல்லை. "டீ குடிக்கிறியா?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் மவனுங்க பூரா நல்லா படிக்கிறானுங்க சார்," என்றார் குத்தகைப் பெண், முந்தானையைப் பிழிந்துகொண்டே. "ஆனா கூப்புட்டா ஒருத்தன் வர மாட்டான். இது நான் கூப்புடவே இல்ல சார், தானா ஓடியாந்துச்சு."

மறுநாள் காலை சாக்கு வந்தது. நனையாமல் இருந்த குவியல்களைத்தான் முதலில் எடுத்தார்கள், அதில் எங்களுடையதும் ஒன்று. மனைவி கையில் வளைகாப்பு வளையலோடு வந்து நின்று, ஒவ்வொரு மூட்டையும் தராசில் ஏறி இறங்கித் தைக்கப்படுவதைப் பார்த்தாள். கடைசி மூட்டை லாரியில் ஏறியதும் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு மகனின் முடியைக் கலைத்துவிட்டு, "பசிக்கிதாடா?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினேன்.

"வேணாம்," என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் சொல்லலயே?"

"அதான் வேணாங்கிறேன்."

செருப்பை எடுத்துக்கொண்டு எங்களோடு கிளம்புவான் என்று நினைத்தேன். அவன் படுதாவை மடித்து எடுத்துக்கொண்டு போய் அடுத்த குவியலுக்குப் பக்கத்தில் போட்டான்.

"அக்கா நெல்லு ஓரம் நனைஞ்சிடுச்சில்ல, காயணும். அவங்க வீட்டுல மாடு கன்னு போட்டிருக்காம், பாக்கப் போகணுமாம். நான் இருக்கேன்பா."

"நானும் வேணும்னா ஒரு கை..."

"நீங்க போங்கப்பா. நீங்க நின்னா ஏதாவது வேலை சொல்லிக்கிட்டே இருப்பீங்க."

சொல்லிவிட்டுப் படுத்துவிட்டான். அந்தப் பெண் நனைந்த நெல்லைத் தனியாக விரித்துவிட்டு, "தம்பி, பாத்துக்க" என்று கிளம்பினார். அவன் படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டினான்.

நான் வண்டியை எடுத்தேன். மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். வீடு வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் விட்டு விட்டுச் சிரிப்பு கேட்டுக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி ஓட்டும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது.